சோப்பில் செதுக்கும் பல்: மேல்நிலைப் பள்ளி உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். நீட் முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா நிற்பார். "சார், டாக்டர் சீட்டுக்கு மார்க் பத்தாதாம். பல் டாக்டராவது கெடைக்குமா?" என்பார். பக்கத்தில் பிள்ளை தலையைக் குனிந்தபடி நிற்கும்.

அந்த 'ஆவது' பற்றித்தான் இந்த மடல். அந்தச் சொல்லோடு கல்லூரிக்குள் வரும் பிள்ளைகள் முதலாண்டு முழுக்கத் தோற்றுப்போன முகத்தோடே உட்கார்ந்திருக்கிறார்கள். பல் மருத்துவம் பிடித்து, தெரிந்து வந்த பிள்ளைகளோ அதே மதிப்பெண்ணோடு வந்து நன்றாகத் தேறுகிறார்கள். பல் மருத்துவத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிமுகம் செய்துவிட்டால் அந்த 'ஆவது' வருவதற்கே இடமிருக்காது. அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். அதனால்தான் பல் மருத்துவம் கற்பிக்கும் நாங்கள் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் படிப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி, ஆக ஐந்து ஆண்டுகள். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல்லின் கூறியல். இரண்டாமாண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருள்கள். மூன்றாமாண்டில் பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும் வருகின்றன. பல் மருத்துவருக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பல் பிடுங்க வேண்டியிருக்கும்போது இந்தப் பாடங்கள்தான் கைகொடுக்கும். வாய்க்குரிய பெரிய பாடங்கள் எட்டும் நான்காமாண்டில் மொத்தமாக வந்து நிற்கும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியாக 50 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள், பயிற்சி ஆண்டும் சேர்த்து, முடித்தாக வேண்டும்.

பாடப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது மனப்பாடம் செய்து தேறிவிடக்கூடிய படிப்பு என்றுதான் தோன்றும். ஆனால் இது கைத்தொழில். தச்சரும் பொற்கொல்லரும் கையைப் பழக்குவதுபோல் பழக்க வேண்டிய தொழில். முதலாண்டின் முதல் மாதங்களிலேயே மாணவர் கையில் ஒரு மெழுகுக் கட்டியையும் செதுக்கும் கத்தியையும் கொடுத்து, ஒவ்வொரு பல்லாகச் செதுக்கச் சொல்வோம். நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை அங்கே திணறுவதும், சுமாரான மதிப்பெண்ணோடு வந்த பிள்ளை கண்ணைக் கவரும்படி செதுக்கிவிடுவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. இந்தத் திறமையை நீட் கேட்பதில்லை. ஆனால் உங்கள் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம், செலவு ஒரு சலவை சோப்புக் கட்டிதான்.

மேல்தாடையின் நடு வெட்டுப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிரித்தால் முதலில் தெரியும் பல் அது. பாடநூல் தரும் சராசரி அளவுகள் இவை: ஈறுக்கு வெளியே தெரியும் முடிப்பகுதி நீளம் 10.5 மில்லிமீட்டர், வேர் 13, முடியின் அகலம் 8.5, முன்பின் தடிமன் 7. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் முடி 31.5, வேர் 39, அகலம் 25.5, தடிமன் 21 வரும். ஒரு சோப்புக் கட்டிக்குள் இது அடங்கிவிடும். சோப்பின் முகப்பில் பென்சிலால் முன்தோற்றத்தை வரையச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பக்கத்தோற்றம். முதலில் முன்தோற்றக் கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் சீவ வேண்டும், அது முடிந்த பிறகே பக்கத்தோற்றம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்ட பிள்ளைகளின் சோப்பு பாதியில் உருக்குலைந்து போகும். கடைசியாக விளிம்புகளை உருட்ட வேண்டும்.

தவறு நேரும் இடங்களைக் கவனித்தால் பிள்ளையைப் பற்றி நிறையத் தெரியும். இந்தப் பல்லின் வெட்டும் விளிம்பில் இரண்டு மூலைகள் உண்டு. முகத்தின் நடுக்கோட்டை ஒட்டிய மூலை ஏறக்குறையச் செங்கோணம், வெளிப்பக்க மூலை சற்றே உருண்டது. அவசரக்காரப் பிள்ளை இரண்டையும் ஒன்றுபோல் உருட்டிவிடும். அப்புறம் அது வலப்பல்லா இடப்பல்லா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு வழக்கமான தவறு, ஒரேயடியாக ஆழமாகச் சீவிவிடுவது. எடுத்ததை ஒட்டவைக்க முடியாது. வாயிலும் அதே கதைதான். சொத்தையை நீக்கிக் குழி எடுக்கும்போது கடைவாய்ப் பல்லில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும் என்ற இடத்தில், கை கொஞ்சம் அழுந்திக் கூடுதலாகப் போய்விட்டால் பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழைத் தொட்டுவிடும். அடைத்து அனுப்ப வேண்டிய பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டிவரும்.

இரண்டு மாலை உட்கார்ந்து செதுக்கிய பிறகு பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இன்னொரு கட்டி சோப்பு வேணுமா?" அழகாக வந்ததா என்பது அவ்வளவு முக்கியமில்லை, கை பழகப் பழக வரும். இன்னொரு கட்டி கேட்கும் பிள்ளைதான் இந்தப் படிப்புக்கு ஏற்றது.

கண்ணாடிச் சோதனையும் ஒன்று உண்டு. மேல்தாடைப் பின்பற்களை நேராகப் பார்க்க முடியாது. வாய்க்குள் சிறு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பிம்பத்தில் முன்னே என்பது பின்னே ஆகிவிடும். ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து, தாளையும் கையையும் நேரே பார்க்க முடியாதபடி மறைத்து, எதிரே கண்ணாடியை நிறுத்தி, பிம்பத்தை மட்டும் பார்த்து அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோருமே தடுமாறுவார்கள். ஐந்தாவது தடவை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பாருங்கள். இடதுகைப் பழக்கம் ஒரு தடையே இல்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் முன்பே தெரிந்துகொள்வது நல்லது, பல்லின் நிறத்துக்கு, பல்மேல் மாட்டும் உறையின் நிறத்தைப் பொருத்துவது அன்றாட வேலை. கழுத்து, இடுப்பு வலி இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் உடம்பு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதினொன்றில் எந்தக் குரூப்? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்க வேண்டும். கணிதமும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் வேறு கதவுகளும் திறந்திருக்கும், தாவரவியல் விலங்கியல் தனித்தனியாக உள்ள பிரிவும் போதும். உயிரியலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீட்டுக்காகச் சகித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல் மருத்துவப் பொருள்கள் என்ற பாடம் முழுக்க வேதியியலும் இயற்பியலும்தான். நோயாளியின் பல்லுக்கு அச்சு எடுத்து மாதிரி வார்க்கும்போது 100 கிராம் சாதாரண பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மில்லி தண்ணீர், அதைவிடக் கடினமான டென்டல் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மில்லி. இரண்டுமே ஜிப்சத்திலிருந்து வருபவைதான். துகளின் வடிவம் வேறு என்பதால் தண்ணீரின் தேவையும் வேறு. கலக்க எளிதாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் மாதிரி பொலபொலவென்று உடையும். ஏன் என்று பிளஸ் ஒன் வேதியியலிலேயே புரிந்துகொண்ட பிள்ளைக்கு இந்தப் பாடம் விளையாட்டு.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு. நீட்டைத் தமிழிலேயே எழுதலாம், ஆனால் கல்லூரிப் பாடமும் வாய்மொழித் தேர்வும் ஆங்கிலத்தில். அவர்களுக்கு விஷயம் புரியாமல் போவதில்லை, புரிந்ததை எழுதச் சொல் கிடைக்காமல் முதலாண்டில் விழுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் எலும்பு, நரம்பு, சுரப்பி ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவைக்கும் பழக்கத்தை நீங்கள் ஏற்படுத்திவிட்டால் அந்த விழுதல் பெருமளவு குறையும்.

இனி சேர்க்கை. நீட் 720 மதிப்பெண்ணுக்கு. 180 கேள்விகளில் 90 உயிரியல், இயற்பியலும் வேதியியலும் 45, 45. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று குறையும். இதெல்லாம் நீங்கள் நன்கு அறிந்தவை. சான்றிதழ்களைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலந்தாய்வில் இடம் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீட் விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பொங்கல் விடுமுறைக்குள் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கூட்டம் நிற்கும்.

2020ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இந்த இரண்டாவது வகையினர் தங்களுக்கு உரிமை உண்டென்றே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் வகுப்புப் பதிவேட்டில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. படிப்புச் சான்றில் எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது விடுபடாமல் இருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. கருவிகளும் புத்தகங்களும் அதில் அடங்குமா என்று சேரும் நாளிலேயே கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழுவிடம். அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடான அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதும் வந்துவிடும் என்று நினைத்துக் கெட்டவர்கள் அதிகம். சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், 2023இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அரசுக் கல்லூரியும் பட்டியலின் தலையில் இருக்கட்டும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேறு, நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேறு, கட்டணமும் வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு உட்காரவைத்து விளக்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் மனவேதனை தரும் ஒன்று இருக்கிறது. பி.டி.எஸ். சேர்ந்துகொண்டே மறுபடியும் நீட் எழுதலாம் என்ற யோசனையைப் பெற்றோருக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். "சும்மா சேந்து வை, அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ். பாத்துக்கலாம்." பகலில் உடற்கூறியல், இரவில் பிளஸ் டூ இயற்பியல். செதுக்கும் வகுப்புக்குப் போகாமல் வருகைப்பதிவு குறையும், முதலாண்டுத் தேர்வு போகும், நீட்டும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று விளக்கக் கையேட்டில் அச்சிட்டிருக்கும், சேரும்போது யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. மறுபடி எழுத விருப்பமென்றால் ஓராண்டு ஒதுக்கி எழுதட்டும். பி.டி.எஸ். வேண்டுமென்றால் முழு மனதோடு வரட்டும். இரண்டு படகில் கால் வைக்கும் யோசனையை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டியது புறநோயாளிப் பிரிவை. வார நாளில் காலை பத்து மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் சீட்டு வாங்க நிற்கிறார்கள்? சிகிச்சை நாற்காலிகளில் எத்தனையில் விளக்கு எரிகிறது? இறுதியாண்டு மாணவர்கள் நோயாளியோடு இருக்கிறார்களா, கைப்பேசியோடு இருக்கிறார்களா?

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், ஒவ்வொரு மாணவரும் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைப்பு, இத்தனை பல் செட் என்று கணக்கு உண்டு. முழுப் பல் செட் ஒன்றுக்கு நோயாளி குறைந்தது ஐந்து முறை வர வேண்டும். முதல் அச்சு, துல்லியமான இரண்டாம் அச்சு, இரு தாடைகளும் எந்த உயரத்தில் சந்திக்கின்றன என்று மெழுகுக் கட்டையில் பதிவது, மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட்டைப் பொருத்துவது. கூலி வேலைக்குப் போகும் தாத்தா மூன்றாம் முறைக்குப் பிறகு வராமல் போனால் மாணவருக்கு எல்லாம் முதலிலிருந்து. நோயாளி கூட்டம் உள்ள கல்லூரியில் அடுத்தவர் வந்துவிடுவார். கூட்டமில்லாத கல்லூரியில் மாணவர் தன் கணக்கை முடிக்க முடியாமல், கை பழகாமலேயே பட்டம் வாங்குவார்.

சேர்ந்த முதலாண்டிலேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. நோயாளியைத் தொடும் முன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

படித்து முடித்த பிறகு? நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, போட்டி கடுமை. மாநில பல் மருத்துவ மன்றத்தில் பதிந்துகொண்டு பெரும்பாலோர் முதலில் இன்னொருவர் கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். அந்த ஆண்டுகள் வீணல்ல, கையில் வேகம் அங்கேதான் வரும். சொந்தக் கிளினிக் வைக்க நாற்காலி, கம்ப்ரசர், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, வாடகை முன்பணம் என்று லட்சக்கணக்கில் போகும். மாநில மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, இத்தனையும் வேண்டும். ஆகவே படிப்புக்கே வீட்டை அடமானம் வைக்கும் குடும்பத்திடம், ஐந்தாண்டுக்குப் பிறகு கிளினிக்குக்கு எங்கே போவீர்கள் என்ற கேள்வியை இப்போதே கேட்டுவிடுங்கள். கேட்பது கடுமையாகத் தோன்றலாம், கேட்காமல் விடுவது அதைவிடக் கடுமை.

எம்.டி.எஸ். மேற்படிப்பு மூன்றாண்டு, அதற்குத் தனி நீட். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தும்போது எழுதலாம், இடங்கள் குறைவு. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு நம் பி.டி.எஸ். அப்படியே செல்லாது. அமெரிக்காவில் தேசியத் தேர்வை எழுதி, அங்குள்ள கல்லூரியில் மேலும் இரண்டு மூன்று ஆண்டு படிக்க வேண்டும், பிரிட்டனில் வெளிநாட்டவருக்கான பதிவுத் தேர்வு. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், பி.டி.எஸ். முடிப்பவர்களுக்கு நாடு முழுதும் ஒரே இறுதித் தேர்வுக்கு வழி வைத்திருக்கிறது. இப்போது பதினொன்றில் இருக்கும் பிள்ளைகள் அதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

நீட் வேண்டாம், ஆனால் பல் துறை பிடிக்கும் என்கிற பிள்ளைகளுக்கு இரண்டு பட்டயப் படிப்புகள் உள்ளன, இரண்டும் ஈராண்டு. பல் செட்டும் உறையும் செய்யும் டென்டல் மெக்கானிக், பல் சுத்தம் செய்து நோய் தடுப்பில் உதவும் டென்டல் ஹைஜீனிஸ்ட். இரண்டுமே 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே இடம்பெற்ற, மதிப்புக்குரிய தொழில்கள். சோப்பில் அசத்திவிட்டு நீட்டில் தவறிய பிள்ளைக்கு முதலாவது மிகப் பொருத்தம். ஆனால் இதைப் படித்துவிட்டு நேராக பி.டி.எஸ். இரண்டாமாண்டில் சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி வழி கிடையாது. அங்கீகாரமில்லாத நிறுவனங்கள் இதே பெயரில் சான்றிதழ் கொடுக்கின்றன, சேரும் முன் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, உங்களிடம் கேட்பது இதுதான். 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் பல் மருத்துவத்தை எம்.பி.பி.எஸ். பக்கத்தின் கடைசி வரியாக வைக்காமல் அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொன்றாம் வகுப்பின் காலாண்டு விடுமுறையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்க, தலைமை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். ரத்தத்தையும் எச்சிலையும் பார்த்து ஒதுங்கும் பிள்ளை அன்றைக்கே ஒதுங்கிக்கொள்ளும், அதுவும் நல்லதே. செதுக்கிய பற்களைப் பள்ளி ஆய்வகத்து மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் வலமா இடமா என்பதும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு நீட் முடிவு வந்த மறுநாள் அந்த அப்பா வாசலில் வந்து நிற்கும்போது, அந்த மேசைக்கு அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
பல் மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்